பதினோராம் பக்கத்துச் சீட்டு

சிறார் நூல் தெரிவு மன்றத்தில் புத்தகத்தைப் படிக்கிற ஆள் ஒரே ஒருத்திதான். அவளுக்குப் பசை தடவுகிற வேலை.

மன்றத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படித்தால் ஒரு புத்தகத்தின் மேல் ஆசையோ வெறுப்போ வந்து தொலைக்கும், அப்புறம் நடுநிலை எங்கிருந்து வரும் என்பது தலைவரின் கொள்கை. ஆகவே அங்கே அதிகாரிகள் புத்தகத்தை அளந்தார்கள், எண்ணினார்கள், முத்திரை குத்தினார்கள். ஊரிலுள்ள எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு குழந்தை ஒரு கதைப் புத்தகத்தைத் தொட வேண்டுமானால், அந்தப் புத்தகம் முதலில் மன்றத்தின் மூன்று மாடிகளையும் ஏறி இறங்கியாக வேண்டும்.

முதல் மாடி குடும்பப் பிரிவு. கதையின் முதல் பக்கத்தில் வீட்டில் எத்தனை பேர், கடைசிப் பக்கத்தில் எத்தனை பேர் என்று அதன் அதிகாரி எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுவார். ஆள் கூடியிருந்தால் பாதகமில்லை. குறைந்திருந்தால் புத்தகம் வந்த வழியே திரும்பிவிடும். இரண்டாம் மாடி உணர்வுப் பிரிவு. அங்கே இருந்த மேடத்திடம் சோகச் சொற்களின் பட்டியல் ஒன்றும் ஒரு ஸ்கேலும் உண்டு. வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவார். பட்டியலில் உள்ள சொல் தட்டுப்பட்டால் நிறுத்தி அளப்பார். ஒரு சோகம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்றாம் மாடியில் பன்முக அனுபவப் பிரிவின் அதிகாரி, படங்களில் உள்ள முகங்களை எண்ணுவார். ஏழுக்குக் குறைந்தால் அனுபவம் போதவில்லை. ஒருமுறை தனியாக வாழ்ந்த நத்தையின் கதை ஒன்று வந்து, ஏழு முகம் தேறாமல் தவித்தது. கடைசியில் அதன் முதுகின் மேல் இன்னும் ஆறு நத்தைகளை ஒட்டி அனுப்பினார்கள். கதையின் பெயர் மட்டும் தனி நத்தை என்றே இருந்தது, அட்டை யாருடைய பிரிவிலும் வராது என்பதால்.

மூன்று மாடிகளும் சொல்கிற திருத்தங்களைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக அச்சடித்து, ஒவ்வொரு பிரதியிலும் உரிய வரியின் மேல் ஒட்ட வேண்டும். அதுதான் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் அவள் செய்த வேலை. பசையம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். மைதா மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, படிகாரத்தைப் பொடித்துப் போட்டு, சிறு தீயில் கிண்டி இறக்குவாள். சீட்டை ஒட்டியதும் துணி சுற்றிய செங்கல்லை மேலே வைத்து விடுவாள். அவள் ஒட்டிய சீட்டை இதுவரை ஒருவராலும் பிரிக்க முடிந்ததில்லை. தலைவர் இதை மன்றத்தின் ஆண்டறிக்கையில் சாதனைகளுக்குக் கீழே போட்டிருந்தார். சாதனைகளுக்குக் கீழே வேறு எதுவும் இல்லை.

எந்த வரியின் மேல் ஒட்ட வேண்டும் என்று தேடுவதற்காக அவள் படித்தாக வேண்டியிருந்தது. சிங்கம் ஆட்டைத் தின்றது என்ற வரியின் மேல், சிங்கமும் ஆடும் சந்தித்துக்கொண்டன, ஆடு வேறு வேலையாகக் கிளம்பிவிட்டது என்று ஒட்டியிருக்கிறாள். கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் கதையில் சோகம் இரண்டு பக்கம் மிஞ்சியது என்று அந்த இரண்டையும் சேர்த்தே ஒட்டச் சொன்னார்கள். அந்தக் கதையில் குழந்தை தொலைவதற்கு முன்பே கிடைத்துவிடும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு எந்த மாடியிலும் படிவம் இல்லை.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு காலையில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மகள் குட்டி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவளை அங்கிருந்து நேராகப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போய், எல்லாம் முடிந்த பிறகுதான் கொண்டுவந்து விட்டார்கள். "அப்பா வெளியூர் போயிருக்கார், சீக்கிரம் வந்துடுவார்" என்று கணவரின் அண்ணி குழந்தையிடம் சொல்லிவிட்டாள். பெரியம்மா சொன்னால் குழந்தைக்கு வேதவாக்கு. அன்றைக்கு மறுத்துச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தையைத் தொண்டை வரை கொண்டுவந்து விழுங்குவதே வழக்கமாகிவிட்டது. குட்டி தினமும் சாயங்காலம் வாசலில் கிடக்கிற அப்பாவின் செருப்பைத் துடைத்து ஜோடி சேர்த்து வைப்பாள். எந்தத் தேதியில் வருவார் என்று கேட்பாள். ஏழு வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான், மாடிகளில் இன்னும் முடிவாகாமல் கிடந்த சிவப்புக் குடைப் புத்தகத்தின் ஒரு பிரதி அவள் மேசைக்கு வந்தது. இருபதே பக்கம். ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு சின்னப் பெண். அப்பாவும் பெண்ணும் மழையில் ஒரே குடையில் போகிறார்கள். பதினோராம் பக்கத்தில் படமே இல்லை. இரண்டு வரி மட்டும்: அப்பா இறந்துபோனார். இனிமேல் வர மாட்டார். அடுத்த பக்கத்தில், நான் அழுதேன், அம்மாவும் அழுதாள், அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மாவும் பெண்ணும் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். குடையில் இடம் நிறைய இருந்தது என்று முடிகிறது கதை.

அவள் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். பதினோரு மாதமாகத் தன்னால் முடியாததை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். இந்தப் புத்தகம் இரண்டாம் வகுப்புக்குப் போகும். குட்டி தானே எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படித்துவிட்டு வந்து கேட்பாள். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும். ஆமாம் என்று சொல்கிற அளவுக்குத் தனக்குத் தெம்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மறுவாரம் பியூன் வந்து படிக்கட்டில் நின்றபடியே கூப்பிட்டார்.

"பசையம்மா, உங்களை மேல கூப்பிடறாங்க. நீங்க அனுபவமாம்."

"என்ன அனுபவம்?"

"அது எனக்குத் தெரியாது. ஃபைல்ல அப்படித்தான் போட்டிருக்கு."

மன்றத்து விதி ஒன்று உண்டு. ஒரு நூலில் சொல்லப்படும் அனுபவம் உள்ள ஒருவரை அழைத்துச் சாட்சியம் கேட்க வேண்டும். பணியாளர் பதிவேட்டைப் புரட்டியதில், கணவனை இழந்தவர், குழந்தை உள்ளவர், அன்றைக்கு லீவில் இல்லாதவர் என்ற மூன்று தகுதியும் இவளுக்கு மட்டுமே பொருந்தியது. கையைக் கழுவிக்கொண்டு போனாள். நகக்கண்ணில் பசை ஒட்டியிருந்தது.

கூட்ட அறையில் நீள மேசை. உட்காருங்கள் என்றார்கள். அந்தக் கட்டிடத்தில் மாடி நாற்காலி ஒன்றில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவளுடைய பணிக் கோப்பில் இருந்த கணவரின் இறப்புச் சான்றிதழின் மூலத்தையும் மூன்று நகல்களையும் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

"அவர் இறந்ததுக்குச் சான்றிதழ் இருக்கு, சரி" என்றார் உணர்வுப் பிரிவு மேடம். "நீங்க வருத்தப்பட்டதுக்கு?"

அவள் விழித்தாள். மேடம் இரக்கப்பட்டு ஒரு படிவத்தை நகர்த்தினார். வருத்தம் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இடையில் எடுத்த விடுப்பு என்று மூன்று கட்டங்கள். அவள் முதல் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் எழுதி, நடுக் கட்டத்தை விட்டுவிட்டாள்.

"பூர்த்தியாகாத படிவத்தை வாங்க முடியாதும்மா."

"இன்னும் முடியலையே, மேடம்."

"முடியாத விஷயத்தை நாங்க எப்படிப் பரிசீலிக்கிறது? ஏதாவது ஒரு தேதி போடுங்க."

அவள் அன்றைய தேதியைப் போட்டாள். இவ்வாறாக அவளுடைய துக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு அலுவலகரீதியாக முடிவுற்றது. பியூன் அதில் முத்திரை குத்தினார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர். பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார், எதிரில் இருப்பவர்களால் கருத்து கலையாமல் இருப்பதற்காக.

"இந்த மன்றம் எதுக்காக இருக்கு? குழந்தைகளோட உணர்வுகளுக்காக. அந்த உணர்வு அவங்களுக்கு வராம பாத்துக்கிறதுதான் நம்ம பொறுப்பு. நான் முப்பது வருஷமா குழந்தைகளுக்காக உழைக்கிறேன். இந்த முப்பது வருஷத்துல ஒரு குழந்தைகூட என்கிட்ட வந்து குறை சொன்னதில்லை. ஏன்னா நான் குழந்தைகளை உள்ள விடறதில்லை. அவங்க நேரம் முக்கியம். சொல்லுங்கம்மா, உங்க அனுபவத்தை. மூணு நிமிஷம்."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பொண்ணுக்கு இன்னும் தெரியாது, சார். சொல்லணும்னு வாயைத் திறப்பேன். சொல்ல வராது. இந்தப் புத்தகம் சொல்லுது. இதை அப்படியே விட்டுட்டீங்கன்னா போதும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

சொல்லி முடித்தபோது குரல் உடைந்திருந்தது. குடும்பப் பிரிவு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் எண்ணுகிறவர்கூடத் தலை குனிந்தார். பரவாயில்லை, இவர்களும் மனிதர்கள்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அப்ப வீட்டுல குழந்தைகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்பா வெளியூர் போயிருக்கார், சீக்கிரம் வருவார்னு. நான் சொல்லலை, எங்க ஓரகத்தி சொன்னாங்க. நான் மறுக்கலை."

"எத்தனை மாசமா?"

"பதினோரு மாசம்."

"குழந்தை அழுததா?"

"இல்லை, மேடம். காத்துக்கிட்டு இருக்கா."

மேடம் மற்ற இருவரையும் பார்த்தார். மூவரும் ஒரே நேரத்தில் ஏதோ எழுதினார்கள். சாட்சியம் முடிந்தது என்று சொல்லி அவளுக்கு நன்றி தெரிவித்துக் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் புத்தகம் ஒப்புதல் ஆகிவிட்டது என்று பியூன் வந்து சொன்னார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் குட்டிக்கு ஒரு புது ரிப்பன் வாங்கினாள். நாலு பேர் எதிரில் பேசியதே நல்லதாகப் போயிற்று, கேட்டால்தானே கிடைக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தாள். பதினோரு மாதத்தில் அவள் தனக்குத்தானே பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

மறுநாள் காலை நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகளும் மூன்று கட்டுச் சீட்டும் அவள் மேசைக்கு வந்தன. முதல் கட்டில் சிரித்த முகங்கள், கடைசிப் பக்கத்துக் குடைக்குக் கீழே ஒட்டுவதற்கு. இரண்டாம் கட்டு பன்னிரண்டாம் பக்கத்துக்கு. நான் சிரித்தேன், அம்மாவும் சிரித்தாள் என்று இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் சாப்பிட்டோம் என்பதை அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாம் கட்டு பதினோராம் பக்கத்துக்கு.

அப்பா வெளியூர் போயிருக்கிறார். சீக்கிரம் வருவார்.

அவள் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கூப்பிடாமலே மேலே போனாள். தலைவர் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றார்.

"வாங்கம்மா. உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தோம். மூணு பிரிவும் மூணு மாசமா முட்டிக்கிட்டிருந்த விஷயம் இது. ஆள் செத்தா குடும்பக் கணக்கு இடிக்குது. அழுதா அளவு மீறுது. நீங்க ஒரே வாக்கியத்துல தீர்த்து வெச்சிட்டீங்க. வெளியூர் போனவர் கணக்குல இருக்காரு. யாரும் அழவேண்டியதில்லை. இதைவிட என்ன வேணும்?"

"சார், அது பொய்யின்னு சொல்லத்தான் நான் வந்தேன்."

"பொய்யின்னு யார் சொன்னது? பதினோரு மாசமா ஒரு உண்மையான குழந்தைகிட்ட சோதிச்சுப் பாத்த வாசகம்மா இது. குழந்தை அழலைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. எங்க அதிகாரிங்க உக்காந்து எழுதினா இப்படி வருமா? அனுபவத்துக்கு நாங்க கொடுக்கற மரியாதை இது." மினிட்ஸ் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். சாட்சிக்குச் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. வேறு எதுவும் வேண்டாம் என்றும் தெரிவித்தார் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. "அட்டைக்குப் பின்னாடி உங்களுக்கு நன்றியும் போடறோம். பேரு போடமாட்டோம். அனுபவம் உள்ள ஒரு தாய்க்கு, அப்படின்னு."

அவள் அந்தச் சீட்டோடு கீழே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவளை அப்படி ஒன்றும் கோழை என்று சொல்லிவிட முடியாது. நானூற்றுப் பதினோரு பிரதியில் ஒட்டினாள். ஒன்றை மட்டும் ஒட்டாமல் கட்டின் நடுவில் செருகிவிட்டாள். அது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று அவளுக்கே தெரியாது. எங்காவது ஒரு குழந்தை தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தது. ஆனால் சாயங்காலம் மீதி எண்ண வந்த அதிகாரி மேசையில் ஒரு சீட்டு எஞ்சியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று மாடி வேலையும் நின்றது. அத்தனை பேரும் இறங்கி வந்து, கட்டைப் பிரித்து, பிரதி பிரதியாகப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினார்கள். மன்றத்தின் வரலாற்றிலேயே அதிகாரிகள் இவ்வளவு புத்தகத்தைத் திறந்தது அன்றைக்குத்தான். ஒட்டாத பிரதியைக் கண்டுபிடித்தவர் குடும்பப் பிரிவு அதிகாரி. அவர் அந்த இரண்டு வரியைப் பார்த்தார். வாய் அசைந்தது.

"என்ன சார், படிக்கிறீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லை, சார்" என்று அவர் புத்தகத்தைப் பசையம்மாவிடம் நீட்டினார். எல்லோரும் சுற்றி நிற்க, அவள் கடைசிச் சீட்டையும் ஒட்டிச் செங்கல்லை வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் குட்டி பையைக் கழற்றக்கூட இல்லை, புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டாள்.

"அம்மா, உங்க ஆபீஸ் புக். மிஸ் வீட்டுல படிச்சிட்டு வரச் சொன்னாங்க. எடுத்துட்டுப் போறவங்க யாருன்னு கேட்டப்ப நான்தான் முதல்ல கை தூக்கினேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது. ஒரு முறை மனசுக்குள் படித்தாள். அப்புறம் சத்தமாகப் படித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

"பாத்தியாம்மா? பெரியம்மா சொன்னது நிஜம்தான். எங்க க்ளாஸ்ல ஒருத்தி உங்கப்பா செத்துட்டாருன்னு சொன்னா. நான் பாத்ரூம்ல போய் அழுதேன். உன்கிட்ட சொல்லலை. உன்கிட்ட கேக்கலாம்னு தெனமும் நெனைப்பேன், பயமா இருக்கும். இப்ப புக்லயே போட்டிருக்கு."

அம்மா சொல்லவேண்டியதே இருந்திருக்கவில்லை. குழந்தை பாதி தூரம் தானே நடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இவள் ஒட்டிய சீட்டு அதைத் திரும்ப அழைத்துப் போய்விட்டது.

"குடு அதை" என்று புத்தகத்தை வாங்கினாள். ஈரத் துணியைச் சீட்டின் மேல் வைத்தாள். காத்திருந்தாள். ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அது அசையவில்லை. வெந்நீரில் துணியை முக்கி மறுபடி வைத்தாள். அடியில இன்னொண்ணு இருக்குடா, அம்மா காட்டறேன், இரு என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். சீட்டு வந்தது. அதோடு அதன் கீழே இருந்த காகிதமும் கொத்தாக வந்துவிட்டது. பக்கத்தில் சீட்டின் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த இரண்டு வரியும் சீட்டின் முதுகில் பசையோடு பசையாகக் கூழாகியிருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஆண்டறிக்கையில் போட்டிருந்தது பொய்யில்லை.

அவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள். மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா செத்துப்போயிட்டார்டா, கண்ணு. இனிமே வரமாட்டார்."

வந்துவிட்டது. பதினோரு மாதம் வராதது கடைசியில் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. குட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். அட்டையின் உள்பக்கத்தில் இருந்த மன்றத்தின் வட்ட முத்திரையைப் பார்த்தாள். அவள் அழவில்லை.

"புக்கைக் கிழிச்சிட்டே. அதனால ஏதேதோ சொல்றே."

"இல்லைடா. நிஜமாத்தான் சொல்றேன்."

"அப்ப ஏன் புக்ல வருவார்னு இருந்துச்சு?"

"அது அவங்க ஒட்டச் சொன்னது."

"யாரு ஒட்டினது?"

அம்மா நகக்கண்ணில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினாள்.

"நீதானே ஒட்டினே?" என்றாள் குட்டி. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு அந்த ஈரச் சீட்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துச் சுருக்கத்தை நீவினாள். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்பது முன்பக்கத்தில் ஒரு எழுத்தும் கலையாமல் இருந்தது.

"திரும்ப ஒட்டிடும்மா. நாளைக்கு மிஸ் கேப்பாங்க."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். செருப்பைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போய், மைதா மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, படிகாரத்தைப் பொடித்துப் போட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்துக் கிண்டினாள். பசை நல்ல பதத்தில் வந்தது.